பல் ஊடுகதிர்ப் படங்களில் இயல்பான உடற்கூற்று அடையாளங்கள்

பல் ஊடுகதிர்ப் படங்களில் இயல்பான உடற்கூற்று அடையாளங்கள் என்பவை, நோய் எதுவும் இல்லாத பல், தாடை எலும்பு, அவற்றை ஒட்டிய உறுப்புகள் ஆகியவை பல் மருத்துவத்தில் எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்ரே) பதியும் கருமை, வெண்மைத் தோற்றங்கள் ஆகும். எலும்பில் இயற்கையாகவே உள்ள துளை, குழி, கால்வாய் போன்றவை படத்தில் கருமையாகவும், எலும்பு மேடுகள் வெண்மையாகவும் விழுகின்றன. இவற்றுள் சில, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, எலும்பு முறிவு ஆகியவற்றைப் போலவே தோன்றும். இயல்பானதை நோயெனக் கருதினால் நல்ல பல்லுக்குத் தேவையற்ற வேர் சிகிச்சை செய்யப்படலாம். பல்லே பிடுங்கப்படவும் கூடும். நோயை இயல்பானதெனக் கருதினால் சிகிச்சை தாமதமாகும். எனவே, நோயைப் படத்தில் தேடுவதற்கு முன் இயல்பு எப்படி இருக்கும் என்பதை அறிவது பல் கதிரியலின் முதற்பாடமாக உள்ளது.

வரலாறு

செருமானிய இயற்பியலாளர் வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று ஊடுகதிர்களைக் கண்டறிந்தார். இரண்டே மாதங்களில், 1896 சனவரியில், செருமானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தம் பற்களையே படமெடுத்தார். ஒளிப்படத் தகட்டின் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு 25 நிமிடங்கள் கதிரின் முன் அசையாமல் இருந்தார் அவர். இன்று அதே படம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் பதிவாகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாக 1953-இல் தொடங்கியது. இன்று இளநிலைப் பல் மருத்துவப் படிப்பில் வாய் மருத்துவமும் கதிரியலும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. முதுநிலையில் இது தனிச் சிறப்புத் துறையாகும்.

கருமையும் வெண்மையும்

ஊடுகதிர், அடர்த்தி குறைந்த பொருளை எளிதில் கடந்து சென்று படச்சுருளையோ உணர்கருவியையோ அடைகிறது. அந்த இடம் கருமையாகிறது. அடர்த்தி மிகுந்த பொருள் கதிரைத் தடுப்பதால் அதன் நிழல் வெண்மையாக விழுகிறது. உலோகத்தால் அடைக்கப்பட்ட பல் பளிச்சென்ற வெண்மையாகவும், பற்சிப்பி அதற்கு அடுத்த வெண்மையாகவும், எலும்பு சாம்பல் நிறமாகவும், பற்கூழும் காற்று நிறைந்த இடங்களும் கருமையாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஊடுகதிர்ப் படம் ஒரு நிழற்படமே. முன்னும் பின்னும் வெவ்வேறு ஆழத்தில் உள்ள பொருள்கள் அதில் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பல்லின் வேர்நுனியில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால், அது வேர்நுனியிலேயே இருக்கலாம். வேருக்கு முன்னாலோ பின்னாலோ எலும்பில் உள்ள ஓர் இயற்கைத் துளையின் நிழலாகவும் இருக்கலாம். பெரும்பாலான குழப்பங்களுக்கு இதுவே அடிப்படை.

படங்களின் வகைகள்

வேர்நுனிப் படம்: வாய்க்குள் சிறு படச்சுருள் அல்லது உணர்கருவியை வைத்து, இரண்டு மூன்று பற்களை முடி முதல் வேர்நுனி வரை எடுப்பது. சிறு மருத்துவமனைகளிலும் எளிதில் எடுக்கக்கூடியது.

கடிநிலைப் படம்: மேல், கீழ்ப் பற்களின் முடிப்பகுதிகளை ஒரே படத்தில் காட்டுவது. பல்லிடுக்குச் சொத்தையைக் காண உதவும்.

அகலத் தாடைப் படம்: கருவி தலையைச் சுற்றி வந்து இரு தாடைகளையும் ஒரே படமாக எடுப்பது. மருத்துவமனைகளில் 'ஓபிஜி' என்று அழைக்கப்படுகிறது.

கூம்புக்கற்றை சி.டி.: தாடையை முப்பரிமாணத்தில் காட்டுவது. ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நிழல்களை இது பிரித்துக் காட்டும்; ஆயினும் செலவும் கதிர்வீச்சளவும் கூடுதல்.

வழக்கமாகப் படத்தைப் பார்க்கும்போது நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடப்பக்கத்தில் இருக்கும். மருத்துவர் நோயாளியை நேருக்கு நேர் பார்ப்பதைப் போன்றது இது. படச்சுருளின் மூலையில் உள்ள சிறு புடைப்புப் புள்ளி, பக்கத்தை உறுதிசெய்ய உதவுகிறது.

பல்லும் அதைச் சுற்றியுள்ளவையும்

பல்லின் முடியைப் போர்த்தியுள்ள பற்சிப்பி, உடலிலேயே மிகக் கடினமான பொருள். படத்திலும் பல்லின் மிக வெண்மையான பகுதி அதுவே. அதனுள் டென்டைன் சற்று மங்கிய வெண்மையாகத் தெரியும். வேரைப் போர்த்தியுள்ள பற்காரை மிக மெல்லியது; அடர்த்தியில் டென்டைனை ஒத்திருப்பதால் படத்தில் தனித்துத் தெரியாது. நடுவில் உள்ள பற்கூழ் அறையும் வேர்க்கால்வாயும் கருமையானவை. இளம் வயதில் இவை அகலமாகவும், வயது ஏற ஏறக் குறுகியும் காணப்படும்.

வேரைச் சுற்றி மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடுகிறது. பல்லை எலும்புடன் பிணைக்கும் இழைகள் இருக்கும் இடைவெளி அது; அகலம் ஏறத்தாழ 0.2 மி.மீ. அதற்கு வெளியே பற்குழியின் சுவர் மெல்லிய வெண்கோடாகத் தெரியும். 'லேமினா டூரா' எனப்படும் இந்த வெண்கோடே படம் படிப்பவருக்கு மிக முக்கியமான வழிகாட்டி. பற்கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் பிடிக்கும்போது பெரும்பாலும் இந்தக் கோடு அங்கு அறுபடுகிறது, கருங்கோடும் அகலமாகிறது. இரு கோடுகளும் வேர்நுனியைச் சுற்றி அறுபடாமல் ஓடினால், அருகில் தெரியும் கருமைக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இரு பற்களுக்கு இடையே உள்ள எலும்பின் உச்சி, பற்சிப்பி முடியும் இடத்திலிருந்து 1 முதல் 2 மி.மீ. கீழே இருப்பது இயல்பு. அதைவிடத் தாழ்ந்திருந்தால் ஈறுநோயால் எலும்பு கரைந்திருக்கலாம்.

பல்லின் கழுத்துப் பகுதியில், பற்சிப்பிக்கும் எலும்பு உச்சிக்கும் இடையே, ஆப்பு வடிவில் ஒரு கருமை தெரிவதுண்டு. மேலே பற்சிப்பியும் கீழே எலும்பும் கதிரைத் தடுக்க, இடைப்பட்ட கழுத்தில் மட்டும் கதிர் அதிகமாக ஊடுருவுவதால் உண்டாகும் தோற்றம் இது. பல்லிடுக்குச் சொத்தை என இது தவறாகக் கருதப்படுகிறது. கோணத்தை மாற்றி எடுத்த படத்தில் இது மறையலாம். உண்மைச் சொத்தை மறையாது.

மேல்தாடை அடையாளங்கள்

முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக ஓடும் மெல்லிய கருங்கோடு, வலது, இடது மேல்தாடை எலும்புகள் சேரும் இணைப்புக் கோடாகும். அடிபட்டு வந்தவரின் படத்தில் இது எலும்பு முறிவு எனக் கருதப்படக்கூடும். சரியாக நடுக்கோட்டில் அமைவதும் சீரான மெல்லிய வெண் விளிம்புகளைக் கொண்டிருப்பதும் இதன் அடையாளம்.

இரு நடு வெட்டுப்பற்களின் வேர்களுக்கு இடையே நீள்வட்டமான கருமை ஒன்று தெரியும். அண்ணத்தின் முன்பகுதிக்கு நரம்பும் குருதிக்குழாயும் செல்லும் வெட்டுப்பல் துளை இது. படக்கோணம் சற்றே சாய்ந்தால் இதன் நிழல் ஒரு வெட்டுப்பல்லின் வேர்நுனிமேலேயே விழுந்து சீழ்க்கட்டியைப் போலத் தோன்றும். இதன் அகலம் பொதுவாக 6 மி.மீ.-க்கு உட்பட்டது; 10 மி.மீ.-ஐத் தாண்டினால் அங்கு நீர்க்கட்டி உள்ளதா என ஆராயப்படுகிறது.

இதற்கு மேலே மூக்கின் இரு குழிகள் கருமையாகவும், அவற்றைப் பிரிக்கும் நடுச்சுவர் வெண்மையாகவும் தெரியும். மூக்கு நுனியின் தசை நிழலும் சில படங்களில் வேர்களின்மீது மங்கலாக விழும்.

கடைவாய்ப் பற்களுக்கு மேலே, மெல்லிய வெண் விளிம்புடன் கூடிய பெரிய கரும்பகுதி, காற்று நிறைந்த மேல்தாடைச் சைனஸ். முன்கடைவாய்ப் பற்கள், கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றின் வேர்நுனிகள் சைனஸுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதுபோலப் படத்தில் தோன்றுவது வழக்கம். பல் பிடுங்கிய இடத்தில் சைனஸ் கீழிறங்குவதும் உண்டு. இந்த நெருக்கத்தால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, சைனஸ் அழற்சி உள்ளவருக்குப் பல மேற்பற்கள் ஒன்றாக வலிக்கலாம். அவற்றில் எந்தப் பல்லும் கெட்டிருக்காது. மற்றொன்று, மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது வாய்க்கும் சைனஸுக்கும் இடையே துளை விழும் வாய்ப்பு உள்ளது.

கடைவாய்ப் பற்களின் வேர்களின்மீது லாட வடிவில் விழும் வெண்மை, கன்ன எலும்பின் நிழல். அதன் அடியில் வேர்நுனிகள் மறைந்துவிடும். வாயை அகலத் திறந்து எடுக்கும் படத்தில், மேல்தாடையின் பின்கோடியில் முக்கோண வடிவான வெண்மை ஒன்று தெரியலாம். பார்ப்பவர் அதனை எலும்பில் தங்கிவிட்ட வேர்த்துண்டு என எண்ணக்கூடும். உண்மையில் அது கீழ்த்தாடை எலும்பின் முன் முனைப்பு, வாய் திறக்கும்போது முன்னோக்கி நகர்ந்து படத்துக்குள் வந்துவிட்டது.

கீழ்த்தாடை அடையாளங்கள்

கீழ் வெட்டுப்பற்களுக்குக் கீழே நடுக்கோட்டில் வெண்வளையமும் அதன் நடுவே கரும்புள்ளியும் தெரியும். வளையம், நாக்குத் தசைகள் பற்றியிருக்கும் எலும்பு முனைப்புகள். புள்ளி, குருதிக்குழாய் செல்லும் துளை. பற்களுக்கிடையே செங்குத்தாக ஓடும் மெல்லிய கருங்கோடுகள் ஊட்டக் கால்வாய்கள் ஆகும்.

பல் கதிரியலில் அதிகம் குழப்பும் அடையாளம் மோவாய்த் துளை. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்பை விட்டு வெளிவரும் வாயில் இது. இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கு இடையிலோ, இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேர்நுனிக்கு அருகிலோ வட்டமான கருமையாகத் தெரியும். வலியுடன் வரும் ஒருவரின் படத்தில் இந்த நிழல் சரியாக வேர்நுனிமேல் விழுந்துவிட்டால், சீழ்க்கட்டிக்கும் இதற்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். வலிக்குக் காரணமான பல் வேறாக இருக்க, சொத்தையே இல்லாத முன்கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிடும் இடர் இங்குதான் உள்ளது.

இத்துளைக்குப் பின்னே, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே, இரு வெண்கோடுகளுக்கு நடுவில் கருமையான பட்டையாக ஓடுவது கீழ்த்தாடைக் கால்வாய். கீழ்ப் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இதனுள் செல்கிறது. ஞானப்பல் பிடுங்குவதற்கு முன் இக்கால்வாயின் போக்கு கட்டாயம் கவனிக்கப்படுகிறது. கால்வாயைக் கடக்கும் இடத்தில் வேர் கருத்திருத்தல், கால்வாயின் வெண்கோடு அறுபட்டிருத்தல், கால்வாய் திசைமாறி வளைந்திருத்தல் ஆகிய மூன்றும் நரம்பு வேருக்கு மிக நெருக்கத்தில் இருப்பதன் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றைக் கவனிக்காவிட்டால் அறுவைக்குப் பின் உதடும் மோவாயும் பல மாதங்கள் மரத்துப்போகலாம். சிலருக்கு அது நிலைத்தும் விடும்.

கடைவாய்ப் பற்களின்மீது சாய்வாக இறங்கும் இரு வெண்கோடுகளில் மேலுள்ளது தாடையின் வெளிப்புற மேடு. கீழுள்ளது உட்புற மேடு. உட்புற மேட்டுக்குக் கீழே பரந்து தெரியும் மங்கலான கருமை, உமிழ்நீர்ச் சுரப்பி அமர்ந்துள்ள எலும்புக் குழி. தெளிவான விளிம்பு இல்லாததும் பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்திருப்பதும் இதனை நீர்க்கட்டியிலிருந்து பிரித்துக் காட்டும்.

குழந்தைகளின் படங்கள்

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பாற்பற்களும் நிலைப்பற்களும் தாடையில் கலந்திருக்கும். முளைக்காத நிலைப்பல்லைச் சுற்றி வெண் விளிம்புடன் கூடிய கருமையான பை தெரிவது இயல்பு. பல் முளைத்த பின்னும் வேர்நுனி மூடிக்கொள்ள ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை திறந்த வேர்நுனியில் வட்டமான கருமை இருக்கும். வளரும் பல்லின் மென்திசுவான இதைச் சீழ்க்கட்டி என்று கருதக்கூடாது. மறுபக்கத்திலுள்ள அதே பல்லைப் படமெடுத்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

அகலத் தாடைப் படத்தில் தோன்றுபவை

அகலத் தாடைப் படத்தில் கழுத்தெலும்பின் மங்கலான நிழல், நாவடி எலும்பு, மூச்சுப்பாதையின் கருமை ஆகியவையும் விழும். படமெடுக்கும்போது நாக்கு அண்ணத்தைத் தொடாமல் இருந்தால், இடையிலுள்ள காற்று மேற்பற்களின் வேர்கள்மீது கரும்பட்டையாகப் பதியும். இது எலும்பு கரைந்ததைப் போன்ற தோற்றத்தைத் தரும். காதிலுள்ள தோடு, தான் இருக்கும் பக்கத்தில் மட்டுமன்றி எதிர்ப்பக்கத்திலும் சற்று உயரத்தில் மங்கிய பெரிய நிழலாக விழும். தோடு, மூக்குத்தி, சங்கிலி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை முன்னரே கழற்றச் சொல்வது இதனால்தான்.

வேறுபடுத்தும் முறைகள்

இயல்பா, நோயா என்பதைத் தீர்மானிக்கப் பின்வரும் வழிகள் பின்பற்றப்படுகின்றன.

1. வேர்நுனியைச் சுற்றி லேமினா டூரா அறுபடாமல் இருக்கிறதா எனப் பார்த்தல்.

2. மறுபக்கத்தில் அதே இடத்தை ஒப்பிடுதல். இயற்கை அடையாளங்கள் பெரும்பாலும் இருபக்கமும் இருக்கும்.

3. பற்கூழ் உயிருடன் உள்ளதா எனக் குளிர்ச்சி அல்லது மின் தூண்டலால் சோதித்தல். உயிருள்ள, சொத்தையில்லாத பல்லின் வேர்நுனியில் பற்கூழ் அழுகியதால் உண்டாகும் சீழ்க்கட்டி இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

4. குழலின் கோணத்தை மாற்றி இரண்டாவது படம் எடுத்தல்.

நான்காவது முறையைக் கிளார்க் 1910-இல் விளக்கினார். இதன் அடிப்படை அன்றாட வாழ்வில் எல்லோரும் கண்டதே. செஞ்சிக்கு வரும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்குச் சாலையோர மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகவும், தொலைவிலுள்ள ராஜகிரிக் குன்று பேருந்துடன் கூடவே வருவதாகவும் தோன்றும். நடுவிலுள்ள ஒரு வீட்டை வைத்துப் பார்த்தால், மரம் வீட்டைக் கடந்து பின்னே போகும். குன்று வீட்டைக் கடந்து முன்னே வரும். இங்கே பேருந்து கதிர்க்குழல். வீடு பல்லின் வேர். குழலை நகர்த்தி எடுத்த இரண்டாவது படத்தில், கன்னப்பக்கம் உள்ள பொருள் மரத்தைப் போலக் குழலுக்கு எதிர்த்திசையில் விலகும். நாக்குப்பக்கம் உள்ள பொருள் குன்றைப் போலக் குழல் சென்ற திசையிலேயே விலகும். மோவாய்த் துளை தாடையின் வெளிப்புறத்தில் இருப்பதால் எதிர்த்திசையிலும், வெட்டுப்பல் துளை அண்ணத்தில் இருப்பதால் அதே திசையிலும் வேர்நுனியை விட்டு நகரும். வேர்நுனியிலேயே உள்ள சீழ்க்கட்டியோ எந்தக் கோணத்திலும் வேரை விட்டு விலகாது. கூடுதல் கருவி எதுவும் தேவையில்லாத இந்த முறை, முப்பரிமாணப் படக்கருவி அருகில் இல்லாத ஊர்களில் பெரிதும் பயன்படுகிறது. செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு ஒருவரை அனுப்புவதற்கு முன், இரண்டாவது வேர்நுனிப் படம் ஒன்றே பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

இயல்பு மாறிய நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு

2019 சூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கீழ்த்தாடையின் வலப்பக்க வீக்கத்துடன் வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு அறுவை செய்யப்பட்டது. மூன்று வயதிலேயே பெற்றோர் அந்த வீக்கத்தைக் கவனித்திருந்தனர். ஊடுகதிர்ப் படமும் சி.டி. படமும் தாடைக்குள் எண்ணற்ற சிறு பற்கள் இருப்பதைக் காட்டின. அகற்றப்பட்ட பையின் எடை ஏறத்தாழ 200 கிராம். அதில் 526 பற்கள் இருந்தன. பல்லாக்கத் திசுக்கள் ஒழுங்கின்றிப் பெருகும் ஒடோன்டோமா என்ற கட்டி இது. இயல்பாக எலும்பின் சாம்பல் நிறம் மட்டுமே தெரிய வேண்டிய இடத்தில் வெண்ணிறத் துகள்கள் திரண்டிருப்பது இக்கட்டியின் அடையாளம். இயல்பான தாடையின் தோற்றம் மனத்தில் பதிந்திருப்பவருக்கே இத்தகைய மாற்றம் சிறியதாக இருக்கும்போதும் கண்ணில் படும்.

வரம்புகள்

எலும்பிலுள்ள தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு கரைந்த பிறகே சாதாரணப் படத்தில் மாற்றம் தெளிவாகத் தெரியும். எனவே, கடும் வலியின் முதல் நாட்களில் படம் இயல்பாகவே இருக்கலாம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று பொருளாகாது. கருமை தெரிவதால் மட்டுமே நோய் உண்டு என்றும் பொருளாகாது. நோயாளியின் சொல், வாய்ப் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு

தொடக்க காலத்தில் படச்சுருளை நோயாளியின் வாயில் தம் விரலாலேயே பிடித்திருந்த மருத்துவர்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாயினர். அமெரிக்காவின் பல் கதிரியல் முன்னோடி எட்மண்ட் கெல்ஸ், கதிர்வீச்சால் உண்டான புற்றுநோய்க்கு விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார். இன்றைய எண்ணிமக் கருவியில் ஒரு வேர்நுனிப் படத்துக்கான கதிர்வீச்சளவு, இயற்கையிலிருந்து ஒருவர் ஒரு நாளில் பெறும் அளவை ஒட்டியதே. இந்தியாவில் பல் ஊடுகதிர்க் கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அளவு சிறிதாயினும், தேவை இருந்தால் மட்டுமே படமெடுக்க வேண்டும் என்பதே அனைத்துலக நெறி. கருவுற்றிருப்பவர் அதை முன்னரே தெரிவிப்பது நல்லது.

பழைய படங்களை நோயாளிகள் பாதுகாத்து வைப்பதும் பயன் தருவதாகும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அதே கருமை இருந்திருந்தால், அது இயற்கை அமைப்பாக இருக்கும் வாய்ப்பே அதிகம்; ஒரு நல்ல பல் தேவையற்ற சிகிச்சையிலிருந்து தப்ப அந்தப் பழைய படம் காரணமாக அமையக்கூடும்.